மொம்பாசா வழியா, தார் எஸ் சலாம் வழியா? கிழக்கு ஆப்பிரிக்க ஸ்டாண்டர்டு கேஜ் ரயில்கள்: ஓர் ஒப்பீடு

உகாண்டா, ருவாண்டா, புருண்டி மூன்றுக்கும் கடல் கிடையாது. கோதுமை, உரம், இரும்பு, பழைய கார் எதுவானாலும் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து சேரவேண்டும். மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்குச் சாலை வழி ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். தார் எஸ் சலாமிலிருந்து கிகாலிக்கு ஏறத்தாழ 1,450. இந்தத் தூரத்தில் ரயில் லாரியை வென்றாக வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் கென்யாவில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் நெடுஞ்சாலையில் லாரி வரிசை குறையவில்லை.

அண்டை நாடுகள் பார்த்துப் படிக்க இப்போது மூன்று ஸ்டாண்டர்டு கேஜ் பாதைகள் இருக்கின்றன. மூன்றிலும் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர்தான். கென்யாவின் மொம்பாசா–நைரோபி–நைவாஷா பாதை டீசல். சீனத் தரம், சீனக் கடன், சீன ஒப்பந்ததாரர். எத்தியோப்பியா–ஜிபூட்டி பாதையும் சீனத் தயாரிப்பு, ஆனால் மின்சாரம். தான்சானியா பாதையும் மின்சாரம். கிழக்குப் பகுதியைத் துருக்கி நிறுவனம் ஒன்று கட்ட, மேற்கில் சீன நிறுவனங்கள் வேலை செய்கின்றன. நான்காவது வழி ஒன்றும் உண்டு, அதைப் பற்றி அமைச்சர்கள் அதிகம் பேசுவதில்லை: நூறு வருடப் பழைய மீட்டர் கேஜைச் செப்பனிட்டு ஓட்டுவது.

கட்டுகிற செலவு, ஓட்டுகிற சக்தி, வேகம் என்று பட்டியல் போட்டால் தான்சானியா முதலிடம் வாங்கிவிடும். ஆனால் ஒரு பாதை பிழைக்குமா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. பாதை எங்கே முடிகிறது, பெட்டிகள் காலியாக ஓடும் வருடத்தில் கடனை யார் கட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

செய்தித்தாள்களில் அதிகம் குழப்புவது இந்தக் கணக்குதான். மொம்பாசா–நைரோபி முதற்கட்டத்தின் ஒப்பந்த மதிப்பு 32,700 கோடி கென்ய ஷில்லிங், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 380 கோடி டாலர். பாதை நீளம் 472 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு 80 லட்சம் டாலர் வரும். தான்சானியாவின் முதல் பகுதியான தார் எஸ் சலாம்–மொரோகோரோவுக்கு 121.5 கோடி டாலர், 300 கிலோமீட்டர். வகுத்தால் 40 லட்சம். 'பாதி விலையில், அதுவும் மின்சாரத்தோடு' என்று தலைப்புப் போட வசதியான எண்கள்.

இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. தான்சானியாவின் 300 கிலோமீட்டரில் பிரதான பாதை 205 மட்டும். மீதி 95, ரயில்கள் ஒதுங்கி நிற்கும் லூப் லைன், யார்டு, நிலையத் தண்டவாளங்கள். கென்யாவின் 472 என்பது பிரதான பாதை. யார்டுகளையும் லூப்களையும் சேர்த்தால் 609. பிரதான பாதை நீளத்தால் வகுத்தால் தான்சானியா 59 லட்சம் ஆகிவிடுகிறது. அடுத்தது, கென்ய ஒப்பந்தத்தில் கட்டுமானம் சுமார் 266 கோடி. மீதி 115 கோடிக்குள் 56 டீசல் இன்ஜின்கள், 1,600க்கு மேற்பட்ட வேகன்கள், 40 பயணிகள் பெட்டிகள், மற்ற சாதனங்கள் வருகின்றன. தான்சானியா ரயில்களைத் தனியே வாங்கியது: 17 மின்சார இன்ஜின்களும், 80 பெட்டிகள் கொண்ட 10 மின்தொடர் வண்டிகளும் ஹூண்டாய் ரோட்டெமிடம். வண்டிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கென்யா கிலோமீட்டருக்கு 56 லட்சம், தான்சானியா 59 லட்சம். அந்த 59இல் மேல்நிலை மின்கம்பியும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறையின் 2ஆம் நிலை சிக்னலும் அடங்கும். கென்யாவில் மின்கம்பி கிடையாது.

ஆக, மின்கம்பியையும் சேர்த்துப் பார்த்தால் தான்சானியா மலிவு என்பது உண்மை, பாதி விலை என்பது உண்மையில்லை. நிலமும் வேறு. தாரிலிருந்து மொரோகோரோ வரை பெரும்பாலும் தாழ்ந்த சமவெளி. கென்யப் பாதை கடல்மட்டத்திலிருந்து நைரோபிக்கு 1,600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ட்சாவோ சரணாலயத்தில் யானைகள் கடக்க உயரமான பாலங்கள் வேண்டியிருந்தது. நைரோபிக்கு மேற்கே பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கும் 120 கிலோமீட்டருக்கு மட்டும் 150 கோடி டாலர் ஆனது, கிலோமீட்டருக்கு 1.25 கோடி. அதில் நைரோபி தேசியப் பூங்காவின் மேல் ஓடும் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலமும், 4.5 கிலோமீட்டர் நீள இங்கோங் சுரங்கமும் உண்டு. மலைப்பகுதி விலையைக் காட்டி ஒரு நாட்டைத் திட்டுவதோ, சமவெளி விலையைக் காட்டி இன்னொரு நாட்டைப் புகழ்வதோ கணக்கு ஆகாது.

உகாண்டா இதை நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறது. கென்ய எல்லையிலுள்ள மலாபாவிலிருந்து கம்பாலா வரை 272 கிலோமீட்டருக்கு 2024 அக்டோபரில் துருக்கியின் யாப்பி மெர்க்கெசியோடு போட்ட ஒப்பந்தம் 270 கோடி யூரோ. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கோடி யூரோ. தான்சானியாவில் கட்டிய அதே நிறுவனம்தான். சதுப்பும் குன்றும் மாறிமாறி வருகிற நாடு, ஜிஞ்சா பக்கத்தில் நைல் நதியையும் கடக்கவேண்டும். விலை ஏறத்தான் செய்யும். அண்டை நாட்டு விலையைத் தன் பட்ஜெட்டில் ஒட்டி வைக்கும் நிதி அமைச்சகம் முதலில் மண் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பார்ப்பது நல்லது.

காலத்தையும் செலவில் சேர்க்கவேண்டும். கென்யா 2014 டிசம்பரில் வேலையைத் தொடங்கி 2017 மே 31இல் பயணிகள் ரயிலை ஓட்டிவிட்டது. தான்சானியா 2017இல் தொடங்கி 2019 இறுதியில் மொரோகோரோ வரை முடிப்பதாகச் சொன்னது. பயணிகள் ஏறியது 2024 ஜூன் 14. அந்த ஐந்து வருடமும் முடங்கிய பணத்துக்கு வட்டி உண்டு, வருமானம் இல்லை. அரசுக்கு அரசு பேசி ஒரே ஒப்பந்ததாரரிடம் மொத்தமாகக் கொடுத்தால் வேகம் கிடைக்கும். துண்டு துண்டாக டெண்டர் விட்டுக் கையிலிருக்கும் பணத்துக்கேற்பக் கட்டினால் விலை குறையும். வேகத்துக்குக் கென்யா கொடுத்த இன்னொரு விலையும் உண்டு: போட்டி டெண்டர் இல்லாமல் கொடுத்த அந்தக் கொள்முதல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020 ஜூனில் கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது ரயில் ஓடத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது.

டீசலா, மின்சாரமா?

ஓட்டும் செலவை வைத்துப் பார்த்தால் மின்சாரம்தான். நீர்மின்சாரம் உள்ள நாட்டில் டீசலை டாலர் கொடுத்து இறக்கி ரயில் ஓட்டுவது வீண். தான்சானியாவில் 2,115 மெகாவாட் ஜூலியஸ் நைரேரே அணை இருக்கிறது. எத்தியோப்பியாவுக்கு அணைகளுக்குக் குறைவே இல்லை. உகாண்டாவிலும் நைல் மின்சாரம் தேவைக்கு மேல் இருந்துவந்திருக்கிறது.

ஆனால் அணையில் மின்சாரம் இருப்பது ஒன்று, தண்டவாளத்தின் மேலுள்ள கம்பியில் அது 25 கிலோவோல்ட்டாக விடாமல் நிற்பது வேறு. எத்தியோப்பியா–ஜிபூட்டி பாதை 2018 ஜனவரியில் வணிகச் சேவையைத் தொடங்கியபோது பட்ட பாடு இதுதான். நாட்டின் பொது மின்கட்டமைப்பில் தடங்கல் வந்தால் ரயிலும் நடுவழியில் நின்றது. இடையில் நிற்கும் சரக்கு ரயிலைக் கிளப்ப அடுத்த நிலையத்திலிருந்து டீசல் இன்ஜின் வரவேண்டும். ஒற்றைப் பாதை என்றால் அதுவரைக்கும் இரண்டு பக்கமும் எல்லா ரயிலும் நிற்கும். அடிஸ் அபாபாவிலிருந்து அடாமா வரை மட்டுமே இரட்டைப் பாதை. மிச்சமெல்லாம் ஒற்றைப் பாதை. கம்பித் திருட்டும் சேர்ந்தது. அஃபார், சோமாலி பகுதிகளில் வேலி இல்லாத தடத்தில் ஒட்டகமும் மாடும் அடிபட்டு, மேய்ப்பர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்வரை ரயில் நகராத நாட்களும் உண்டு. இப்படி நின்றால் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த பாதையின் சராசரி வேகம் எங்கே போகும்?

தான்சானியா முதல் பகுதிக்கே ரயிலுக்கென்று தனி 220 கிலோவோல்ட் மின்பாதை போட்டது. பணம் அதிகம்தான், ஆனால் சரியான செலவு. அப்படியும் 2024இல் சேவை தொடங்கிய சில வாரங்களில் மின்தடையால் ரயில்கள் நின்றன. குரங்கும் பறவையும் கம்பியில் பட்டதாக ரயில்வே விளக்கம் சொன்னது. கேலி நிறையக் கிளம்பியது. ஆனால் காட்டுப் பகுதியில் மின்கம்பித் தடம் போட்ட யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியாது. மின்காப்பான்களுக்கு மேல் உறை போடுவது, மரக்கிளைகளைத் தடத்திலிருந்து தள்ளி வெட்டி வைப்பது, பழுதான பகுதியை மட்டும் தனிமைப்படுத்தும் சுவிட்சுகளைச் சரியாகப் பிரித்து வைப்பது எல்லாம் பராமரிப்பு ஆட்களின் அன்றாட வேலை. அதற்கான ஆட்களை முதல் ரயில் ஓடுவதற்கு இரண்டு வருடம் முன்பே பயிற்சிக்கு அனுப்பியிருக்கவேண்டும்.

கென்யாவின் டீசலுக்கு ஒரு நியாயம் உண்டு. டீசல் இன்ஜின் எதற்கும் காத்திருக்காது. மின்கம்பி இல்லாததால் இரண்டடுக்குக் கன்டெய்னர் ரயிலுக்கும் தடையில்லை. மின்பாதையில் இரண்டடுக்கு ஓட்ட வேண்டுமானால் கம்பியை 7 மீட்டருக்கும் மேலே கட்டவேண்டும், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க இன்ஜின் மேல் நிற்கும் பாண்டோகிராஃபும் அதற்கேற்ற உயரத்தில் வேண்டும். இந்தியாவின் மேற்கு சரக்குத் தடத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முதலில் தாழக் கட்டிவிட்டுப் பிறகு உயர்த்துவது மறுபடி கட்டுவதற்குச் சமம். ஆகவே மின்சாரம் என்று முடிவெடுக்கும் நாடு கம்பி உயரத்தை ஒப்பந்தக் கட்டத்திலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

உகாண்டாவின் நிலைமை விசித்திரமானது. அவர்களுடைய பாதை மின்சாரம், சேரவேண்டிய கென்யப் பாதை டீசல். மலாபாவில் இன்ஜின் மாற்றவேண்டும், அல்லது கென்ய டீசல் இன்ஜின் உகாண்டாக் கம்பியின் அடியிலேயே கம்பாலா வரை ஓடவேண்டும். இரண்டாவது நடந்தால் மின்மயமாக்கிய பணம் அனைத்தும் அலங்காரம். கென்யா தன் பாதையை மின்மயமாக்கும் தேதியை எழுத்தில் வாங்காமல் கம்பாலா கம்பி கட்டுவது அவசரம் என்றே தோன்றுகிறது.

அச்சுச் சுமை

ஒரு வேகனின் ஒவ்வொரு அச்சும் தண்டவாளத்தின் மேல் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதுதான் அச்சுச் சுமை. கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் 25 டன். தான்சானியாவில் 35 டன்.

நான்கு அச்சு வேகன் என்று வைத்துக்கொண்டால் 25 டன் பாதையில் மொத்த எடை 100 டன், 35 டன் பாதையில் 140 டன். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கன்டெய்னருக்கு இது தேவையே இல்லை. ஒரு தட்டை வேகனில் இரண்டு 20 அடிக் கன்டெய்னர். ஒவ்வொன்றும் நிரம்பினால் 30 டன். வேகனின் சொந்த எடை இருபது டன்னை ஒட்டி. மொத்தம் 80 டன். 25 டன் பாதையே தாராளம். 35 டன் வேண்டியது தாதுவுக்கு: புருண்டியின் முசோங்காட்டி நிக்கல், தான்சானியாவின் கபாங்கா நிக்கல், கிழக்கு காங்கோவின் தாதுக்கள். அந்தச் சரக்கு வந்தால் தான்சானியாவின் முடிவு தொலைநோக்கு. வராவிட்டால் கனமான பாலத்துக்கும் அடித்தளத்துக்கும் கொடுத்த பணம் மண்ணோடு போன மாதிரி.

'எல்லாமே 1,435, ஒருநாள் எல்லாம் இணையும்' என்று மாநாடுகளில் பேசுபவர்களுக்கு இது உறைப்பதில்லை. 35 டன்னுக்கு ஏற்றிய தான்சானிய வேகனைக் கென்யப் பாதையில் விட முடியாது. வேகன்களை இணைக்கும் கப்ளரின் உயரம், பிரேக் குழாய் அழுத்தம், சிக்னல் கருவி, வண்டியின் அகல உயர எல்லை எல்லாம் ஒத்துவந்தால்தான் வேகன் எல்லையைத் தாண்டும். மொம்பாசா வழியை நம்பும் வடக்குத் தட நாடுகள் 2013–14 வாக்கில் சீனத் தரத்தை ஒட்டிப் பொதுத் தரம் ஒன்றை ஏற்றன. தான்சானியா அமெரிக்கத் தரத்தையும் ஐரோப்பிய சிக்னலையும் எடுத்தது. இடைவெளி ஒன்றுதான், ரயில்வே இரண்டு.

பாதை எங்கே முடிகிறது?

நைவாஷாதான் இந்த ஒப்பீட்டின் மையம். 2019 அக்டோபரில் பாதை அங்கே போய் நின்றது. கிசுமு வரை 262 கிலோமீட்டர், அங்கிருந்து மலாபா எல்லை வரை 107 கிலோமீட்டர் மீதி. அதற்குக் கடன் தரச் சீனா முன்வரவில்லை. ஆக 500 கோடி டாலருக்கு மேல் செலவழித்த பாதை மாய் மகியு பக்கத்துச் சமவெளியில் முடிந்தது. பிறகு பழைய மீட்டர் கேஜை லோங்கோனோட்டில் தொட 23 கிலோமீட்டர் இணைப்புப் போட்டார்கள்.

கம்பாலாவுக்குப் போகும் ஒரு கன்டெய்னரைப் பின்தொடர்ந்தால் இதன் பொருள் புரியும். மொம்பாசா கப்பல்துறையில் கிரேன் அதை இறக்குகிறது. ரயில் யார்டில் ஸ்டாண்டர்டு கேஜ் வேகனில் ஏறுகிறது. நைவாஷாவில் ரீச் ஸ்டாக்கர் என்ற தூக்கு வண்டி அதைத் தூக்கித் தரையில் வைக்கிறது, மீட்டர் கேஜ் வேகன் வந்ததும் மறுபடி தூக்குகிறது. மீட்டர் கேஜ் ரயில் சிறியது. ஒரு பெரிய ரயிலில் வந்த பெட்டிகளை எடுத்துப்போக இரண்டு மூன்று சிறிய ரயில் வேண்டும். அந்த இன்ஜின்கள் பழசு, எண்ணிக்கையும் குறைவு. அதனால் கன்டெய்னர் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கம்பாலாவில் இறங்கியதும் காலிப் பெட்டியைக் கப்பல் கம்பெனியின் கெடுவுக்குள் மொம்பாசாவுக்குத் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் நாள்வாரித் தாமதக் கட்டணம். இவ்வளவுக்கும் பதிலாக லாரிக்காரர் துறைமுக வாசலில் ஏற்றிக் கம்பாலாக் கிடங்கின் வாசலில் இறக்குகிறார், காலிப் பெட்டியையும் அவரே திரும்பக் கொண்டுபோகிறார்.

நைரோபி வியாபாரிக்கும் இதே தலைவலிதான், கொஞ்சம் சிறிய அளவில். ரயில் எம்பகாசி உள்நாட்டுக் கன்டெய்னர் முனையத்தில் இறக்கும். அங்கிருந்து தொழிற்பேட்டைக்கு ஒரு லாரி, காலியைத் திருப்ப ஒரு லாரி. ரயில் கட்டணம் மலிவாகத் தெரிந்தாலும் இந்த இரண்டு சிறு நடைகள் சேர்ந்தால் விலை லாரியைத் தொட்டுவிடும். 2019இல் இறக்குமதிச் சரக்கு ரயிலில்தான் போகவேண்டும் என்று கென்ய அரசு உத்தரவு போட்டதற்கு ஒரு காரணம் இதுதான். மொம்பாசாவில் போராட்டம் வெடித்தது. 2020 நவம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்றது. 2022 செப்டம்பரில் புதிய அதிபர் ரூட்டோ அதைத் திரும்பப் பெற்றார். 2022இல் அந்த ரயில் சுமந்தது சுமார் 60 லட்சம் டன். வடிவமைப்புத் திறன் 2.2 கோடி டன். அதே வருடம் மொம்பாசா துறைமுகம் கையாண்டது 3.4 கோடி டன்னுக்குப் பக்கம்.

தான்சானியா இந்தப் பள்ளத்தில் விழாது என்று சொல்லிவிட முடியாது. இப்போதைக்கு ரயில் ஓடுவது தாருக்கும் டொடோமாவுக்கும் இடையில். நாட்டின் தலைநகரம்தான், ஆனால் சரக்குக்கு அது நடுவழி. டொடோமாவுக்கு மேற்கே மகுதுபோரா–தபோரா 294 கிலோமீட்டர், தபோரா–இசாகா 130, இசாகா–முவான்சா 249 எல்லாம் முடிந்தால்தான் இசாகா உலர் துறைமுகத்தில் ருவாண்டா லாரிகளும், முவான்சாவில் விக்டோரியா ஏரிக் கப்பல்களும் பாதையோடு சேரும். இங்கே ஒரு சின்ன விஷயம். ஏரியைக் கடக்கும் எம்.வி. உமோஜா படகின் தளத்திலேயே தண்டவாளம் இருக்கிறது. சுமார் 20 வேகன்களை அப்படியே உருட்டி ஏற்றி உகாண்டாவின் போர்ட் பெல்லில் உருட்டி இறக்கலாம், கன்டெய்னரை யாரும் தூக்கவேண்டாம். அந்தத் தண்டவாளம் மீட்டர் கேஜ். ஸ்டாண்டர்டு கேஜ் முவான்சாவுக்கு வந்தவுடன் அந்த வசதி போய்விடும். கரையில் கிரேனும் புதிய படகும் வாங்கவேண்டும். பாதை டெண்டரைப் போடுகிற அதே நாளில் படகு டெண்டரையும் போட்டால்தான் உகாண்டாவுக்குத் தெற்கு வழி என்று ஒன்று இருக்கும்.

தார் எஸ் சலாம் நகரத்துக்கு மட்டுமே இப்போது மூன்று இடைவெளிகள்: மத்திய மீட்டர் கேஜ், புதிய 1,435, ஸாம்பியா போகும் டஸாராவின் 1,067. துறைமுக யார்டில் எந்த வேகன் எந்தத் தண்டவாளத்துக்கு என்று திட்டமிடுபவர் பாவம்.

கடன் எந்த நாணயத்தில்?

கென்யாவின் முதற்கட்டத்துக்குச் சீன எக்ஸிம் வங்கி 2014இல் இரண்டு பெரிய கடன் கொடுத்தது. 160 கோடி டாலர், 2 சதவீத நிலையான வட்டி, 20 வருடம். இன்னொன்று 163 கோடி டாலர், லிபார் (லண்டன் வங்கிகளுக்கு இடையிலான மாறும் வட்டி) விகிதத்துக்கு மேல் 3.6 சதவீதம், 15 வருடம். கையெழுத்திட்டபோது லிபார் அரை சதவீதத்துக்கும் கீழே. மொத்த வட்டி நான்குக்குள். 2023இல் டாலர் வட்டி ஐந்தைத் தாண்டியபோது அதே கடனின் வட்டி ஒன்பதை நெருங்கியது. பாக்கியுள்ள ஒவ்வொரு 100 கோடி டாலருக்கும் வருடத்துக்கு 5 கோடி டாலர் கூடுதல். இதே காலத்தில் ஒரு டாலருக்கு 86 ஆக இருந்த கென்ய ஷில்லிங் 2024 ஜனவரியில் 160ஐத் தொட்டது. ரயிலின் வருமானத்தில் பெரும்பகுதி ஷில்லிங். 2025இல் கென்யா இந்தக் கடன்களை டாலரிலிருந்து யுவானுக்கு மாற்றி வருடத்துக்கு 21.5 கோடி டாலர் மிச்சம் என்று சொன்னது. நல்ல காரியம்தான். யுவானிலும் கென்யா சம்பாதிப்பதில்லை என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

அதைவிட ஆபத்தானது சரக்கு உறுதி. குறிப்பிட்ட அளவு சரக்கைத் துறைமுக ஆணையம் ரயிலுக்குக் கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காவிட்டாலும் பணம் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு கடனோடு சேர்ந்து வந்தது. கடன் கொடுப்பவருக்கு இது நியாயமாகத் தோன்றும். ஆனால் லாபத்தில் ஓடும் துறைமுகத்தின் கழுத்தில் நஷ்டத்தில் ஓடும் ரயிலைக் கட்டியதுதான் மிச்சம். சரக்கை வலுக்கட்டாயமாக ரயிலுக்குத் திருப்பிய உத்தரவின் வேர் அங்கேதான் இருந்தது. இறக்குமதிப் பொருள்கள் மேல் 2013இல் வந்த 1.5 சதவீத ரயில் மேம்பாட்டு வரியையும் கணக்கில் சேர்த்தால், ரயிலில் சரக்கு அனுப்பாத கடைக்காரரும் ரயிலுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். மலாபா வரை பாதையை நீட்டும் திட்டத்தை இப்போது மறுபடி கையில் எடுத்திருக்கும் கென்யா, இந்த வரி வருவாயை ஈடாகக் காட்டித்தான் பணம் திரட்டப் பார்க்கிறது.

எத்தியோப்பியாவின் கடனும் தாங்கவில்லை. 2018இல் தவணைக்காலம் 30 வருடமாக நீட்டிக்கப்பட்டது. தான்சானியா முதல் பகுதியை உள்நாட்டு வருவாயில் தொடங்கியது. 2020இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி ஏற்பாட்டில் 146 கோடி டாலர் வாங்கியது, அதற்குச் சுவீடன், டென்மார்க் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களின் உத்தரவாதம் பின்னால் நின்றது. பல கடனாளர், சிறு துண்டுகள் என்பதால் ஒருவரே மொத்தப் பிடியையும் வைத்திருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலையாகத்தான் ஐந்து வருடத் தாமதம் வந்தது.

பயணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கென்யா, தான்சானியா இரண்டிலும் பயணிகள் ரயில் வெற்றி. தார்–டொடோமா பேருந்தில் பாதி நாளைத் தின்கிற பயணம், ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள். மொம்பாசா–நைரோபி ஐந்து மணி நேரம். ஆனால் மிரிட்டினி, சியோகிமாவ் நிலையங்கள் இரண்டும் ஊருக்கு வெளியே, டாக்ஸிக்காரர்கள் வாழ்த்துவார்கள். டிக்கெட் பணம் கடனைக் கட்டாது, சரக்குதான் கட்டும்.

மீட்டர் கேஜைத் தூக்கிப் போட வேண்டுமா?

மீட்டர் கேஜ் என்றாலே கழித்துக் கட்டவேண்டியது என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தோன்றும். அகலப்பாதை மாற்றம் நம் ஊரில் நன்றாக நடந்தது. ஆனால் இந்தியாவில் சுற்றிலும் அகலப்பாதை வலையே இருந்தது. மீட்டர் கேஜ் தீவுகளை அதோடு சேர்த்தார்கள். உகாண்டாவில் சேர்வதற்கு 1,435 வலை இல்லை. அந்நாட்டு மீட்டர் கேஜே இந்தியாவிலிருந்து போனதுதான்: 1896இல் மொம்பாசாவிலிருந்து தொடங்கிய உகாண்டா ரயில்வேக்கு இந்திய மீட்டர் கேஜ் அளவையே எடுத்தார்கள், பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை அழைத்துப் போனார்கள்.

விலையைப் பாருங்கள். தான்சானியாவில் தாரிலிருந்து இசாகா வரை 970 கிலோமீட்டர் மீட்டர் கேஜைச் சீராக்கும் திட்டத்துக்கு உலக வங்கி 2014இல் கொடுத்தது 30 கோடி டாலர். கிலோமீட்டருக்கு 3 லட்சம் டாலர் சொச்சம். புதுப் பாதையின் இருபதில் ஒரு பங்கு. பலவீனமான பாலங்களை மாற்றி, தேய்ந்த தண்டவாளத்தை எடுத்து, ஸ்லீப்பர் மாற்றி, ஜல்லி நிரப்பி, இன்ஜினும் வேகனும் கொடுத்தால் ஒரு பாதை வருடத்துக்குச் சில பத்து லட்சம் டன் தாங்கும். உகாண்டாவின் இன்றைய ரயில் சரக்கு அதைவிடக் குறைவு.

இதில் தோற்றதும் உண்டு. கென்யா–உகாண்டா மீட்டர் கேஜை 2006 முதல் நடத்திய ரிஃப்ட் வேலி ரயில்வேஸ் என்ற தனியார் நிறுவனத்தின் நடத்தும் உரிமை ஒப்பந்தம் 2017இல் ரத்தானது. தான்சானியாவில் 2007இல் இந்தியாவின் ரைட்ஸ் 51 சதவீதம் எடுத்த ஏற்பாடும் சில வருடங்களில் முறிந்தது. இரண்டிலும் பிரச்சினை தண்டவாள அகலத்தில் இல்லை. போடவேண்டிய முதலீட்டை யார், எப்போது போடுவது என்பதில் அரசுக்கும் நடத்துபவருக்கும் ஒத்துப்போகவில்லை, இன்ஜின்கள் ஓடும் நிலையில் இல்லை. புதுப் பாதை போட்டாலும் உதிரி பாகத்துக்குப் பணம் ஒதுக்காத நாட்டில் பத்து வருடத்தில் அதே கதைதான்.

யார் எதை எடுப்பது?

புருண்டிக்குக் குழப்பம் குறைவு. முசோங்காட்டி நிக்கலைக் கடலுக்குக் கொண்டுபோக தான்சானியாவின் கனமான பாதை பொருத்தமானது. உவின்சா–முசோங்காட்டிக்கு 2025 ஜனவரியில் சுமார் 215 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அது வந்து சேரும் தபோரா–கிகோமா பாதை முடியும் தேதியும் சுரங்கம் தோண்டும் தேதியும் ஒட்டி வரவேண்டும். பாதை முன்னால் முடிந்து தாது பின்னால் வந்தால் வட்டி ஓடும். தாது முன்னால் வந்தால் லாரியில் போகும், பிறகு அந்த லாரிக்காரர்களோடு போட்டி போடவேண்டியிருக்கும்.

ருவாண்டா 2016இலேயே கென்யாவை விட்டுத் தான்சானியா பக்கம் சாய்ந்தது சரியான கணிப்பு; தூரமும் குறைவு. இசாகா–கிகாலி பாதைக்கு அவசரப்படவேண்டாம். இசாகா வரை ரயில் ஒழுங்காக ஓடி, அங்கிருந்து லாரி என்று சில வருடம் பார்த்தால், பாதை போடத் தகுந்த சரக்கு இருக்கிறதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். எத்தியோப்பியாவுக்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. அதன் வெளிநாட்டு வணிகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜிபூட்டி வழிதான். அப்படிச் சரக்கு ஒரே வாசலில் குவியும் நாட்டுக்கு மின்பாதை, இடர்ப்பாடுகளோடுகூட, நியாயமே.

உகாண்டாவுக்குத்தான் கடினம். 2023 ஜனவரியில் சீன ஒப்பந்ததாரரை விட்டுவிட்டு, துருக்கி நிறுவனத்தோடு பேசியதும், மின்சாரத்தை எடுத்ததும் பாராட்டத்தக்கவை. ஆனால் நைவாஷா–மலாபா 369 கிலோமீட்டர் நிரம்பாதவரை மலாபா–கம்பாலா ஒரு மின்சாரத் தீவு. கென்யா முதலில் வரட்டும் என்று உகாண்டா காத்திருக்க, உகாண்டா தொடங்கட்டும் என்று கென்யா காத்திருந்ததில்தான் பத்து வருடம் போனது. ஆகவே காத்திருப்பும் தீர்வில்லை. நடுவழி இது: எல்லைப் பக்கத்திலிருந்து இல்லாமல், நைல் பாலம், சதுப்பு நிரவல் போன்ற நீண்டகால வேலைகளை முதலில் தொடங்குவது, மின்கம்பி, சிக்னல், ரயில் வாங்கும் தவணைகளைக் கென்யப் பக்கத்து வேலையின் முன்னேற்றத்தோடு எழுத்தில் பிணைப்பது, அதுவரைக்கும் மலாபா–கம்பாலா மீட்டர் கேஜைத் தொடர்ந்து சீராக்கி, சிமென்ட் அரைக்கும் கிளிங்கரும் எரிபொருளும் அதில் ஓடப் பழக்குவது. ஒப்பந்தத்தில் சரக்கு உறுதி கேட்கும் பிரிவு வந்தால் அதை அடித்துவிடுவது. அந்தப் பிரிவை எடுக்க மறுத்தால் கடன் கொடுப்பவருக்கே அந்தப் பாதையில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.